பெல்ட் நன்றாகத்தான் இருந்தது

என்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள், ஐந்து பதில் வரும். ஐந்தாவது பதில் சொந்தமாக வண்டியே இல்லாதவர் சொன்னதாக இருக்கும். அவர்தான் அடித்துப் பேசுவார். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான் ஐயா. பொழுது போவதே தெரியாது.

நீங்கள் கேட்டது பெல்ட்டைப் பற்றி. தெரியும். உங்கள் மேஜை மேல் பாலித்தீன் பைக்குள் அது கிடக்கிறது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஆயிலில் ஆரம்பிக்காமல் பெல்ட்டுக்கு வர முடியாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறான் என்று நினைக்க வேண்டாம். அந்த விபத்து எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? நான் ஒளிக்கிற ஆள் இல்லை. உங்கள் ஸ்டேஷன் காபி வேறு நன்றாக இருக்கிறது.

எனக்குச் சொந்தமாகப் பட்டறை. மூன்று கார் நிற்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினால் நான்கு. பழைய வண்டிகள்தான் அதிகம் வரும். பானட்டைத் திறப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்து என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். வீட்டில் அம்மா, நான், தங்கை. பிறகு என் மனைவி வந்தாள். எனக்கும் தங்கைக்கும் வயது வித்தியாசம் அதிகம், அவள் நடக்கப் பழகியதே என் விரலைப் பிடித்துத்தான். எந்த விஷயமானாலும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர், "அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்பார்கள். என் தங்கை சொல்லிச் சொல்லி, அம்மாவும் மனைவியும்கூட என்னை அண்ணா என்றே குறிப்பிடுவார்கள். ஃபிரிஜ் எந்தக் கம்பெனி, சுவருக்கு என்ன நிறம், அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எந்த டாக்டர், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கப்பட என்ன இருக்கிறது? யாருக்குத்தான் பிடிக்காது?

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். தங்கமான மனிதர். மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. எந்த மாத்திரை எத்தனை நாள் தாங்கும், எந்தத் தேதிக்குப் பிறகு குப்பைக்குப் போக வேண்டும் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்தபோதே, சாஸ் பாட்டிலைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தார். அன்றைக்கே அவருக்கு 'காலாவதி' என்று பெயர் வைத்துவிட்டேன். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவேன். சிரித்துக்கொள்வார். என் தங்கை ஊரில் உள்ள அத்தனை பேரையும் நடித்துக்காட்டிக் கேலி செய்கிறவள். அவரையும் செய்வாள். என்னை மட்டும் செய்யமாட்டாள்.

அந்தக் காரைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஒரு பல் டாக்டர் இறந்துபோய், அவருடைய ஷெட்டில் உறை போட்டபடி வருடக்கணக்கில் நின்ற வண்டி. இரண்டே இருக்கை, தாழ்ந்த உடம்பு. உட்காருவதற்கு ஒரு தடவை யோசிக்க வேண்டும், எழுந்திருக்க இரண்டு தடவை. சுவிட்சைத் தட்டினால் முன்விளக்குகள் இரண்டும் தவளைக் கண் மாதிரி எழும்பும். என்ஜின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதன் சத்தம் நேராகத் தண்டுவடத்தில் ஏறும். மாப்பிள்ளை அதைப் பார்த்த மாத்திரத்தில் சொக்கிப்போய்விட்டார். தேதி பார்க்காமல் அவர் ஆசைப்பட்ட ஒரே பொருள் அதுதான் என்று தங்கை சொல்வாள்.

வண்டியோடு ஒரு கையேடு வந்தது. வந்ததா, வினையும் கூடவே வந்தது. மாப்பிள்ளை அதை வரி விடாமல் படித்தார். ஆயிலை இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அல்லது வருடத்துக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. 'எது முதலில் வருகிறதோ' என்ற அந்த வார்த்தைகள் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டன. எனக்கு அவற்றைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"வருஷம் முடியப்போகுது மச்சான், ஆயிலை மாத்திடலாமா?" என்பார்.

"வண்டி ஞாயித்துக்கிழமை கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருது மாப்ள. ஆயில் தேன் மாதிரி இருக்கு. ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில் மாத்தணும்? கார் என்ன உங்க மாத்திரையா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அதோடு அந்த வருடம் போய்விடும். அடுத்த வருடமும் இதே பேச்சு, இதே சிரிப்பு. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பட்டறையில் சொல்வார்கள். சொல்லட்டும். அதுவரை என் முயல்கள் எல்லாம் மூன்று காலோடுதான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில், சாப்பாட்டுக்கு முன்னால், மாப்பிள்ளை என்ஜின் மூடியைத் தூக்கினார். ஆயில் ஊற்றுகிற இடத்தில் ஒரு சிறிய மூடி இருக்குமே, அதைத் திருகி எடுத்து, கவிழ்த்து என் முன்னால் நீட்டினார். உள்பக்கம் முழுக்க வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு பசை.

"இது என்ன மச்சான்?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என்னவென்று எனக்குத் தெரியும். குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில் என்ஜின் சரியாகச் சூடேறாது. உள்ளே வேர்க்கும். அந்த நீர் ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். ஓடாத வண்டிக்குத்தான் தேதி பார்த்து ஆயில் மாற்ற வேண்டும், கையேடு சொன்னது சரி. தொழில் பழகிய காலத்தில் நானே படித்ததுதான். மூடியை வாங்கித் துடைக்கத் துணியைத் தேடினேன். அப்போது தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க என்ஜின் ஷேவிங் பண்ணிக்கப் போகுது போல" என்றாள்.

அம்மா சிரித்தாள். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தங்கை கன்னத்தில் அந்தப் பசையைப் பூசிக்கொள்வது போல, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் குரலிலேயே, "ஆயில் தேன் மாதிரி இருக்கு மாப்ள" என்று நடித்துக் காட்டினாள். அச்சு அசல் என் குரல். நானும் சிரித்தேன் ஐயா. நான் ரசிக்கத் தெரியாதவன் இல்லை.

அன்று சாயங்காலமே ஆயிலை மாற்றிக்கொடுத்தேன். அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் என் மனைவி அடுப்படியில் கேஸ் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். "இதுக்கும் தேதி இருக்காமே, மாப்பிள்ளை சொன்னார்" என்றாள். அம்மா தன் மாத்திரைகளை எல்லாம் மேஜையில் கொட்டி அவருக்காகக் காத்திருந்தாள். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருகிறேன், பவுடர் டப்பாவைக் காணோம். காலாவதியாகிவிட்டதாம், குப்பைக்குப் போய்விட்டதாம். பவுடர் கெட்டு எவனாவது செத்திருக்கிறானா? சமையலறைக் குழாய் மாற்றுகிற பேச்சு வந்தபோது, அம்மா, என்னை எதிரில் வைத்துக்கொண்டே, "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றாள். குழாய்க்கும் மருந்துக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வலித்தது என்று சொல்லிவிடுகிறேனே. இத்தனை வருடம் சுமந்தவன் நான்.

அந்த ஷேவிங் பசை நாளிலேயே இன்னொன்றும் நடந்திருந்தது. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "அப்படியே டைமிங் பெல்ட்டையும் ஒரு தடவை மச்சான்..." என்று ஆரம்பித்தார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நான் சட்டென்று, "அந்த பெல்ட் நம்ம எல்லாரையும் விட அதிக நாள் இருக்கும் மாப்ள. அது அறுந்துதுன்னா நான் பட்டறையை இழுத்து மூடிட்டு வீட்ல உட்கார்ந்துடறேன்" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். வாய் விட்ட வார்த்தை, என்ன செய்வது?

டைமிங் பெல்ட் என்றால் என்ன என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பல் வைத்த ரப்பர் பட்டை. என்ஜினில் கீழே ஒரு தண்டு, மேலே ஒரு தண்டு. இரண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது இதன் வேலை. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். குறுகலான சந்தில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற மாதிரி. பெல்ட் அறுந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், என்ஜின் அந்த நொடியே நின்றுவிடும். இருமல், தும்மல், முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. ரப்பர் என்பதால் ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் காயும். அதனால் இதற்கும் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று. எது முதலில் வருகிறதோ அது. பாருங்கள், என் வாயிலேயே வந்துவிட்டது.

கல்யாண நாளுக்கு இருவரும் மலைமேல் இருக்கிற ஏரிக்குப் போவதாகத் திட்டம் போட்டார்கள். அந்தக் காரில் முதல் நீண்ட பயணம். மாப்பிள்ளை எங்கெங்கோ விசாரித்து ஒரு புது பெல்ட்டை வரவழைத்து, பெட்டி பிரிக்காமல் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நான் கொஞ்சம் விறைத்துக்கொண்டேன். அவருக்கு அது புரிந்துவிட்டது.

"மாத்தித்தான் ஆகணும்னு இல்ல மச்சான்" என்றார். "நீங்க திறந்து ஒரு தடவை பாருங்க. நல்லா இருக்குன்னு நீங்க சொல்லிட்டா எனக்கு அது போதும். அதுக்கு மேல நான் யாரையும் கேக்க மாட்டேன்."

அப்படிப் பேசுகிற மனிதர். அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பின்சக்கரத்தைக் கழற்றி, பெல்ட்டை மூடியிருக்கும் தகட்டை எடுத்து, விளக்கை வைத்துப் பார்த்தேன். விரலால் பெல்ட்டைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தேன். பல்லின் அடியில் எல்லாம் கீறல். கையால் என்ஜினைச் சுற்றிச் சுற்றி முழுப் பெல்ட்டையும் பார்த்தேன், கீறல் இல்லாத பல்லே இல்லை. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. ஒரு பல் ஆடியது.

வயரிங் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்றிருந்தான். என் வயதுக்காரன், என்னோடு வெகுகாலம் இருக்கிறவன். குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது ஊர் எல்லை தாண்டாதுப்பா. புதுசு கையிலேயே இருக்கே, மாட்டிடு" என்றான்.

"நீ உன் ஒயரைப் பாரு" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தவறாக நினைக்க வாய்ப்பிருக்கிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன். புது பெல்ட்டை மாட்டுவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அரை நாள் வேலை. ஆனால் மாட்டினால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்காருவோம். "பெல்ட் போயிருந்துதா அண்ணா?" என்று தங்கை கேட்பாள். ஆமாம் என்று சொல்ல வேண்டும். உடனே அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்று, 'நம்ம எல்லாரையும் விட அதிக நாள் இருக்கும்' என்று என் குரலில் ஆரம்பிப்பாள். அம்மா சிரிப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னை யார் என்ன கேட்பார்கள்? பேசாமல் மாட்டிவிட்டு, மாட்டவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். புது பெல்ட்டை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? பெட்டி காலியாக இருந்தால் தெரிந்துவிடும்.

தகட்டை மூடினேன். போல்ட்டுகளை ஒழுங்காக முறுக்கினேன். சக்கரத்தை மாட்டினேன். பிறகு, யாரும் கேட்காமலே, ஆயிலை வடித்துவிட்டு இருப்பதிலேயே நல்ல ஆயிலாகப் பார்த்து ஊற்றினேன். ஃபில்டரும் புதிது. டயருக்குக் காற்று, கண்ணாடி துடைக்கிற ரப்பர், எல்லாம் பார்த்தேன். வண்டியைக் கழுவி மெழுகு போட்டுத் தேய்த்தேன். அக்கறை இல்லாதவன் இதையெல்லாம் செய்வானா?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் புது பெல்ட் பெட்டியை மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தேன். ஒட்டுத்தாள்கூடப் பிரியவில்லை.

"திறந்து பார்த்தேன் மாப்ள. கல்லு மாதிரி இருக்கு. இதைப் பத்திரமா வெச்சுக்கங்க, இன்னும் நாலு வருஷம் கழிச்சுக் கேட்டு வாங்கிக்கறேன். அதுக்குள்ள இது காலாவதி ஆகாம பாத்துக்கங்க."

வீடே அதிர்ந்தது. மனைவிக்குப் புரையேறிவிட்டது. தங்கை எழுந்து, மாப்பிள்ளை மாதிரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கணவரையே தூக்கி அடியைத் திருப்பித் தேதி பார்ப்பது போல நடித்தாள். மாப்பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கி, "ஒத்துக்கறேன் மச்சான், தோத்துட்டேன்" என்றார். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கேட்டுக் கேட்டு வைத்தாள். ஐயா, வயிறும் மனதும் நிறைந்து நான் சாப்பிட்ட சாப்பாடு என்றால் அதுதான்.

கிளம்புகிற அன்று காலையில் தங்கை போன் செய்தாள். நான் பட்டறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"அண்ணா, இவர் ராத்திரியெல்லாம் அந்த புக்கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். பேசாம பஸ்ல போயிடலாமான்னு கேக்கறார். உங்ககிட்ட கேக்கக் கூச்சப்படறார். நீங்க சொல்லுங்க. போலாமா, வேண்டாமா?"

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். 'எதுக்கும் வண்டியைக் கொண்டு வா, மத்தியானம் கிளம்பலாம்' என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. பெல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கூட நிறுத்தியிருப்பேன். நான் தயங்கியதும் அவள் சிரித்தாள்.

"என்னண்ணா, மறுபடியும் ஷேவிங் கிரீமா?" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தாராளமாப் போங்க" என்றேன். "நான் பார்த்த வண்டி. நல்லா மிதிச்சு, இழுத்து ஓட்டச் சொல்லு. பழைய என்ஜினுக்கு அதுதான் மருந்து."

"இது போதும்ணா" என்றாள். பக்கம் திரும்பி அவரிடம், "அண்ணா சொல்லிட்டார், கிளம்புங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மலை ஏறுகிற சாலையில், முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ஒன்றுமில்லை என்று பார்த்துத்தான் மாப்பிள்ளை வலது பக்கம் ஏறியிருக்கிறார். நான் சொன்னபடி இழுத்து ஓட்டியிருக்கிறார். லாரிக்குப் பக்கவாட்டில் போகும்போது பெல்ட் அறுந்தது. என்ஜின் நின்றுவிட்டது. ஏற்றத்தில் வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வளைவில் பஸ் வந்தது. ஒதுங்குவதற்காக இடது பக்கம் ஒடித்திருக்கிறார், வண்டியின் மூக்கு லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் போனது. தங்கை உட்கார்ந்திருந்த பக்கம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். அவருக்கு இடுப்பெலும்பும் காலும்.

நான் அழுதேன். இப்போதுகூட பாருங்கள். அவள் எனக்குத் தங்கையா, மகளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் வீட்டில் இப்போது யாரும் யாரையும் நடித்துக்காட்டுவதில்லை. கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா?

சரி. மாப்பிள்ளை மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "வண்டி இழுக்கல மச்சான். திடீர்னு இழுக்கல. நான் கியரைத் தப்பாப் போட்டேனா? நியூட்ரல்ல விழுந்துடுச்சா? எனக்கு ஞாபகமே இல்ல." அம்மா, என் மனைவி, எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நடந்தது நடந்துபோச்சு மாப்ள. பதற்றத்துல யாருக்கும் கை தவறும். உங்க மேல எனக்குக் கோபமே இல்ல" என்றேன். வெளியே வந்ததும் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு, "உனக்குத்தான்டா எவ்வளவு பெரிய மனசு" என்று அழுதாள். அந்த நேரத்தில் ஒரு குடும்பத்துக்குத் தெம்பாக ஒருவன் நிற்க வேண்டும். நான் நின்றேன்.

உங்கள் ஆட்கள் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்த்துவிட்டு வண்டியை விட்டுவிட்டார்கள். நசுங்கியது முன்பக்கம்தான். என்ஜின் பின்னால் இருந்ததால் அதன்மேல் கீறல்கூட இல்லை. பட்டறைக்கு இழுத்துவந்து, அறுந்த பெல்ட்டை எடுத்துக் குப்பை டிரம்மில் போட்டேன். எலக்ட்ரீஷியன் அதைப் பொறுக்கி வைத்திருந்தான் என்பது இன்று உங்கள் மேஜையைப் பார்த்த பிறகுதான் தெரியும். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. எதையும் தூக்கிப்போட மனம் வராதவன்.

மாப்பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் தங்கையின் துணிகளுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்த பெல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியை மூடி அங்கேயே வைத்தேன். அவள் துணி இருக்கிற அலமாரியை அவர் இனி திறக்கமாட்டார் என்று தெரியும். பட்டறையில் அதைக் கரியும் பழைய ஆயிலும் தடவித் தேய்த்து, அந்தச் செத்த என்ஜினில் மாட்டினேன். பெல்ட்டின் முதுகில் தயாரித்த தேதி அச்சாகியிருக்கும், அந்த இடம் அடிப்பக்கம் போகிற மாதிரி பார்த்து மாட்டினேன். எதற்கு என்று கேட்டால், மாப்பிள்ளை ஒரு நாள் வந்து கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவர் சரிபார்க்காமல் இருக்கமாட்டார். அது அவர் உத்தியோகம்.

வந்தார். இரண்டு ஊன்றுகோலோடு, ஆட்டோவிலிருந்து இறங்கி, தானாகவே நடந்து வந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பெல்ட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

"தாராளமா" என்று தகட்டை எடுத்தேன். அவரால் குனிய முடியவில்லை, பிடித்துக்கொண்டேன். விளக்கைக் காட்டினேன். ஒரு விரலை நீட்டி பெல்ட்டைத் தொட்டார். அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. தேதி எங்கே என்று அவர் தேடவில்லை. அவர் தேதி தேடாத ஒரே பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "அப்ப நான்தான் மச்சான். நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

அணைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை. வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டார். சாப்பிட்டாரா என்று என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். எந்த டாக்டரிடம் போவது, வீட்டை வைத்துக்கொள்வதா விற்பதா, எல்லாம் என்னிடம்தான் கேட்கிறார். நானும் முகம் சுளிக்காமல் சொல்கிறேன். அவர் மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

சரி, நீங்கள் எழுத வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க வேண்டாம். ஆமாம், பெல்ட்டைப் பார்த்தேன். அறுந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் போகச் சொன்னேன், தெரிந்துதான் இழுத்து ஓட்டச் சொன்னேன். பிறகு அவர் தலையில் கட்டினேன். எங்கே கையெழுத்து போட வேண்டுமோ போடுகிறேன்.

மாப்பிள்ளையிடம் நீங்களே நேரில் போய் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம், போய்ச் சொல்லுங்கள். மரியாதை தெரிந்தவர், உங்களை உட்காரவைத்து முழுவதும் கேட்பார். இந்தப் பையையும் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். ஆனால் உங்களை நம்பமாட்டார் ஐயா. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நேராக இங்கேதான் வருவார், "மச்சான், நிஜமா?" என்று கேட்பார். நான் என்ன சொல்கிறேனோ, அதைத்தான் நம்புவார்.